பழைய இரும்பு அச்சில் ரைஃபிள் குண்டு வார்ப்பது: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஏலங்களிலும் பழம்பொருள் சந்தைகளிலும் ஐடியல், வின்செஸ்டர், லைமன் முத்திரை பதித்த குண்டு அச்சுகள் இன்றும் கிடைக்கின்றன. வாங்கியதும் பலர் முதலில் செய்வது ஈயத்தை உருக்குவது. அது ஆறாவது வேலை. அதற்கு முன்னால் உள்ளவற்றைத் தாண்டிப் போனால், பளபளவென்று அழகான குண்டு வரும்; ஆனால் குழலில் பொருந்தாது.

இங்கே எடுத்துக்காட்டு .45-70 தோட்டாவுக்கான 405 கிரெயின் (ஏறக்குறைய 26 கிராம்) குண்டு. பழைய ட்ராப்டோர் ஸ்ப்ரிங்ஃபீல்ட் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதிகம் வார்ப்பது இதைத்தான். மருந்து அளவோ தோட்டா கட்டுவதோ இதில் இல்லை. குண்டு வார்த்து, மசகு பூசி, எடுத்து வைப்பது வரைதான்.

சட்டம் பற்றி முதலிலேயே ஒன்று. அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குக் குண்டு வார்க்கக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை; விற்பதற்கு வார்த்தால் தேவை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் வெடிப்பொருளின் (அதாவது தோட்டா முதலியவற்றின்) பாகங்களையும் அதைச் செய்யும் கருவிகளையும்கூட ‘வெடிப்பொருள்’ என்றே கணக்கில் எடுக்கிறது. உரிமம் இல்லாமல் அங்கே இதில் கை வைக்கக் கூடாது.

1. குழலை அளந்து பாருங்கள்

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்து, அடைப்பைத் திறந்து வையுங்கள். குழலுக்குள் லேசாக எண்ணெய் தடவுங்கள். குழலைவிடச் சற்றே பெரிய சுத்த ஈய உருண்டை ஒன்றை வாய்ப்பக்கம் வைத்து, பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தட்டி மறுபக்கம் தள்ளுங்கள். தூண்டிலுக்குப் போடும் முட்டை வடிவ ஈயம் இதற்குப் போதும். மரக்குச்சி வேண்டாம், அது நீளவாக்கில் பிளந்து குழலுக்குள் ஆப்பு மாதிரி இறுகிவிடும்.

வெளியே வந்த ஈயத்தில், குண்டைச் சுழற்றக் குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளங்கள் மேடாகப் பதிந்திருக்கும். அந்த மேடுகளுக்கு இடையிலான விட்டம்தான் உங்களுக்கு வேண்டிய எண். ட்ராப்டோரில் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அதன் குழலில் பள்ளங்கள் மூன்றே. ஒரு மேட்டுக்கு நேர் எதிரே இன்னொரு மேடு இருக்காது. சாதாரண மைக்ரோமீட்டர் ஒரு மேட்டையும் எதிரேயுள்ள தாழ்வையும் சேர்த்துக் குறைவாகக் காட்டும். ‘வி’ வடிவத் தாங்கி கொண்ட மைக்ரோமீட்டர் வேண்டும். இல்லையென்றால் தடிமன் தெரிந்த மெல்லிய பித்தளைத் தகட்டை ஒரே சுற்று இறுக்கமாகச் சுற்றி அளந்து, தகட்டின் தடிமனை இரண்டு மடங்காகக் கழித்துவிடுங்கள்.

ஈயக் குண்டு பள்ள விட்டத்தைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் சூடான வாயு குண்டின் பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழல் முழுக்க அப்பும். .45-70-க்குப் புத்தக அளவு 0.458 அங்குலம். பழைய ட்ராப்டோர் குழல்களில் 0.460-ம் அதற்கு மேலும் காணப்படுவது சாதாரணம். புத்தகத்தை நம்பாமல் உங்கள் குழலை நம்புங்கள்.

அதே துப்பாக்கியில் சுட்ட வெற்றுக் கூடு ஒன்றை எடுத்து, அதன் வாயில் நீங்கள் வார்க்கப்போகும் விட்டமுள்ள குண்டு விரலால் தள்ளினாலே நுழைகிறதா என்றும் பின்னால் பார்க்க வேண்டியிருக்கும். நுழையாவிட்டால் துப்பாக்கியின் தோட்டா அறையில் கூட்டின் கழுத்து விரிய இடமில்லை, அழுத்தம் ஏறும் என்று பொருள். அந்தக் குண்டைச் சுடக் கூடாது.

2. அச்சைச் சோதியுங்கள்

ஐடியல் மற்றும் லைமன் அச்சுகளில் உள்ள எண்ணின் முதல் மூன்று இலக்கம் விட்டத்தைச் சொல்லும். 457124 என்றால் 0.457 அங்குலம். வின்செஸ்டர் அச்சில் பெரும்பாலும் தோட்டாவின் பெயர் மட்டும் இருக்கும். இரண்டுமே வாக்குறுதிதான். அந்தக் காலத்தில் குழியைக் குடைந்த வெட்டுக்கருவி தேயத் தேய அச்சுக்குழியும் சிறுத்துக்கொண்டே வந்தது. நூறு ஆண்டு அடிபட்ட பிறகு அந்த எண்ணுக்கு மதிப்பு இன்னும் குறைவு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவை. அச்சின் இரு பாதிகளையும் மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சேருமிடத்தில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் முகத்தில் பிசிறோ கரைந்து ஒட்டிய ஈயமோ இருக்கலாம்; அவை சரிசெய்யக் கூடியவை. முகமே நசுங்கியிருந்தால் வேண்டாம். மூடிய நிலையில் பாதிகளை எதிரெதிராக அசைத்துப் பாருங்கள். நழுவினால் பொருத்து முளைகள் தேய்ந்துவிட்டன. குண்டு இரண்டு பாதியும் விலகி ஒட்டிய மாதிரி வரும். மேலே உள்ள ஸ்ப்ரூ தட்டு, அதாவது ஊற்றும் துளை உள்ள வெட்டுத் தட்டு, நெளியாமல் படிய வேண்டும். குழிக்குள் துருப்பள்ளம் மசகு வளையத்தில், அதாவது குண்டைச் சுற்றி மசகு தங்கும் வரிப்பள்ளம் உருவாகும் இடத்தில், ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. அடிப்பாகத்தின் விளிம்பில் இருந்தால் விட்டுவிடுங்கள். குழல் வாயைவிட்டு வெளியேறும் நொடியில் வாயு தள்ளுவது அடிப்பாகத்தைத்தான். அங்கே ஒரு ஓரம் சிதைந்திருந்தால் குண்டு சாய்ந்து புறப்படும். மூக்கில் உள்ள வடு அவ்வளவு கெடுதல் செய்யாது.

மிகப் பழைய ஐடியல் கருவிகளில் அச்சும் தோட்டா கட்டும் இடுக்கியும் ஒரே இரும்பு. கைப்பிடிக்கு மரம் கிடையாது. பத்துக் குண்டு வார்ப்பதற்குள் பிடிக்க முடியாத சூடு வந்துவிடும். தடித்த தோல் கையுறை இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

3. எண்ணெயையும் துருவையும் எடுங்கள்

பழைய அச்சில் முன்பு வைத்திருந்தவர் தடவிய எண்ணெய் பிசினாகக் காய்ந்திருக்கும். குழியில் துளி எண்ணெய் இருந்தாலும் ஈயம் பட்டதும் ஆவியாகி, குண்டு சுருங்கிய தோல் போல் வரும். அசிட்டோனும் பழைய பல் துலக்கியும் கொண்டு இரண்டு மூன்று முறை தேயுங்கள். பின்பு பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்த வெந்நீரில் கழுவி, உடனே சூடான இடத்தில் வைத்து முழுக்க உலர்த்துங்கள். அசிட்டோன் வேலையும் உருக்கும் அடுப்பும் ஒரே இடத்தில் கூடாது.

துரு இருந்தால், இந்தக் கழுவலுக்கு முன்பே மிக மென்மையான இரும்புப் பஞ்சு, கொஞ்சம் எண்ணெய், பொறுமை. ஒட்டிய ஈயத்துக்கு அச்சைச் சூடாக்கிக் கூர் தீட்டிய மரக்குச்சி. உப்புத்தாள், கம்பித் தூரிகை, அரம் எதுவும் குழிக்குள் போகக் கூடாது. எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது.

4. இடத்தையும் உடலையும் தயார் செய்யுங்கள்

வார்ப்பு வெப்பத்தில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. உடம்பில் ஏறுவது மேலே படியும் கசடின் தூளும் விரலில் ஒட்டும் கறுப்பும்தான். அதனால் முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு எல்லாம் பத்திரம் என்று நினைப்பது தவறான கணக்கு. காற்று உங்கள் முதுகிலிருந்து அடுப்பு நோக்கிப் போகும்படி நில்லுங்கள். வேலை முடியும்வரை தண்ணீர், தேநீர், வெற்றிலை, சிகரெட் எதுவும் வேண்டாம். உடைகளைத் தனியாகத் துவையுங்கள். தரையை ஈரத் துணியால் துடையுங்கள். பெருக்கினால் தூள் கிளம்பும். குழந்தைகளும் கருவுற்றவர்களும் அந்தப் பக்கமே வரக் கூடாது. தொடர்ந்து வார்ப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்வது நல்லது.

சமையலறைப் பாத்திரம் ஒருமுறை ஈயம் பட்டால் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம். சூட்டில் பலமிழந்து அடி விட்டுவிடும்.

உடம்புக்கு: முழுக்கைப் பருத்திச் சட்டை, கணுக்கால் மறையும் கால்சட்டை, தோல் காலணி, முழு முகக் கவசம், கையுறை. நைலான் கலந்த துணி தோலோடு உருகி ஒட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஈரம். உருகிய ஈயத்தின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிக்கினால் அது நொடியில் நீராவியாகிச் சட்டியில் உள்ளதையெல்லாம் கூரைவரை தூக்கி எறியும். ஈரமான கரண்டி, வெளியே கிடந்த ஈயக்கட்டி, நெற்றி வியர்வை எல்லாம் இதில் அடக்கம். உருகிய சட்டியில் புதிய கட்டி போடுவதானால் முதலில் சட்டியின் விளிம்பில் வைத்துச் சூடேற்றிய பிறகே போடுங்கள்.

5. உலோகம்: 20 பங்கு ஈயம், 1 பங்கு வெள்ளீயம்

சுத்த ஈயம் மிக மென்மை. உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் பிரினெல் அளவில் 5. 20:1 கலவை ஏறக்குறைய 10. கருமருந்துக்கும் (பழைய வகைக் கறுப்புத் துப்பாக்கி மருந்து) ட்ராப்டோர் போன்ற பழைய துப்பாக்கிகளின் குறைந்த அழுத்தத்துக்கும் இதுவே போதும். வெள்ளீயம் கடினத்துக்காக மட்டும் அல்ல. உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, மசகு வளையத்தின் கூரான மூலை வரை ஓட வைக்கிறது.

ஒன்பது கிலோ கொள்ளும் சட்டிக்கு 8 கிலோ ஈயமும் 400 கிராம் வெள்ளீயமும் சரியாக இருக்கும். 405 கிரெயின் என்பது ஏறக்குறைய 26 கிராம். கணக்குக்கு 300 குண்டுக்கு மேல் வரும். ஆனால் சட்டியில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போதே நிறுத்துங்கள். குறைந்த உலோகத்தில் வெப்பம் நிலையாக நிற்காது.

வாகனச் சக்கரத்தைச் சமன்படுத்தப் பொருத்தும் பழைய சக்கர எடைகள் மலிவு என்று வாங்குவோர் உண்டு. அவற்றில் துத்தநாகம் கலந்திருக்கும். அது 419 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆகவே 360 டிகிரியைத் தாண்டாமல் உருக்கினால் துத்தநாக எடைகள் மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். துத்தநாகமும் உருகிக் கலந்துவிட்டால் முழுச் சட்டியும் கூழாகிவிடும், அச்சில் நிரம்பாது. கார் பேட்டரி ஈயத்தைத் தொடவே வேண்டாம். அதன் கசடு ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்ற கொடிய வாயுக்கள் வெளிவரலாம். சுடுதளத்தில் பொறுக்கிய ஈயத்தில் வெடிக்காத தோட்டா கலந்திருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே சட்டியில் போட வேண்டும்.

6. உருக்கிக் கசடு நீக்குங்கள்

ஈயம் 327 டிகிரியில் உருகும். அது முழுக்க உருகிய பிறகு வெள்ளீயத்தைச் சேருங்கள். வெப்பமானியில் 370 முதல் 400 டிகிரிக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் வெள்ளீயம் வேகமாக ஆக்சைடாகிக் கசடோடு போய்விடும், காசு கொடுத்து வாங்கியது வீண்.

பட்டாணி அளவு தேன்மெழுகு போட்டு, எழும் புகையைத் தீக்குச்சியால் பற்றவைத்து, அடிவரை நன்றாகக் கிளறுங்கள். மெழுகின் கரி, ஆக்சைடான வெள்ளீயத்தைத் திரும்ப உலோகமாக்குகிறது. மேலே எஞ்சும் சாம்பல் நிறத் தூளை மட்டும் வழித்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். புதியவர்கள் ஒவ்வொரு நிமிடமும் மேலே தெரியும் பளபளப்பான ஆடையையும் கசடு என்று அள்ளி எறிகிறார்கள். அதில் போவது பெரும்பாலும் வெள்ளீயம். அரை மணிக்கொருமுறை மெழுகு போட்டுக் கிளறினால் போதும்.

7. அச்சைச் சூடேற்றுங்கள்

வார்ப்பில் வரும் குறைகளில் பாதிக்கு மேல் உலோகத்தால் வருவதில்லை, அச்சின் சூட்டால் வருகிறது. குண்டு சுருங்கி வந்ததும் அடுப்பைத் திருகிக் கூட்டுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். அதைக் கட்டுப்படுத்துவதே பாதித் தேர்ச்சி.

உலோகம் உருகும் நேரத்திலேயே அச்சை மூடி, ஹாட் பிளேட்டின் மேல் ஓர் இரும்புத் தகடு வைத்து அதன் மேல் வையுங்கள். பதினைந்து இருபது நிமிடம் ஆகும். அச்சின் மூலையை உருகிய ஈயத்தில் முக்கிச் சூடேற்றுவது புதிய அச்சுக்குச் சிலர் செய்யும் வழி. நூறு வயது அச்சுக்கு ஒரு மூலையில் மட்டும் திடீர்ச் சூடு நல்லதல்ல. வாயு விளக்கை நேராகக் காட்டுவதும் அப்படியே, பாதிகள் வளைந்துவிடும்.

மெழுகுவர்த்திப் புகையைக் குழியில் படிய வைப்பது பழைய வழக்கம். அது குண்டின் விட்டத்தை இன்னும் குறைக்கும். ஏற்கெனவே சிறுத்துப்போன அச்சில் அதைச் செய்யாதீர்கள்.

ஸ்ப்ரூ தட்டின் திருகில் தேன்மெழுகை ஒரு சிறு தொடுதல் மட்டும். தட்டு தன் எடையிலேயே ஆடும் அளவு தளர்வாக இருக்கட்டும். இறுக்கி வைத்தால் குழிக்குள் உள்ள காற்று வெளியேற வழியில்லை. பழைய அச்சுகள் பலவற்றின் முகத்தில் காற்றுக் கோடுகளே வெட்டப்பட்டிருக்காது. மேல் வழியே காற்று போயாக வேண்டும்.

8. ஊற்றுங்கள்

இவ்வளவு கனமான குண்டுக்கு அடியில் குழாய் வைத்த சட்டியைவிடக் கரண்டியே மேல். மூக்குள்ள வார்ப்புக் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டு வைத்து, உலோகத்தின் சூட்டுக்கு வரவிடுங்கள்.

அச்சைப் பக்கவாட்டில் சாய்த்து, கரண்டி மூக்கை ஸ்ப்ரூ துளையில் பொருத்துங்கள். இரண்டையும் சேர்த்தே நிமிர்த்துங்கள். மூன்று நான்கு நொடி அப்படியே பிடித்திருங்கள். கரண்டியில் உள்ள உலோகத்தின் எடை குழியை மூலைவரை நிரப்புகிறது. பின்பு கரண்டியை மெல்ல விலக்கி, தட்டின் மேல் தாராளமாக ஒரு குமிழ் விடுங்கள். குண்டு உறையும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு வேண்டிய உலோகத்தை இந்தக் குமிழிலிருந்துதான் இழுத்துக்கொள்ளும். கஞ்சத்தனமாக ஊற்றினால் குண்டின் அடிக்குள் கண்ணுக்குத் தெரியாத பொத்தல் உண்டாகும்.

குமிழை உற்றுப் பாருங்கள். கண்ணாடி போல் மின்னிக்கொண்டிருப்பது திடீரென்று மங்கி, நடுவில் சிறு குழி விழும். அதிலிருந்து ஐந்து நொடி. பின்பு கையுறை அணிந்த கட்டைவிரலால் தட்டைத் தள்ளினால், ஆறிய வெண்ணெய்க் கட்டியை வெட்டுவது போல் அறுந்து வர வேண்டும். தட்டின் அடியில் ஈயம் ஈஷியிருந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். அடித்தால்தான் திறக்கிறது என்றால் தாமதம்.

அச்சைத் திறந்ததும் குண்டு தானே விழாவிட்டால், கைப்பிடியின் கீல் திருகில் மரத்துண்டால் லேசாகத் தட்டுங்கள். அச்சுப் பாதிகளின் மேல் எதனாலும் தட்டக் கூடாது. சந்தைக்கு வரும் கெட்டுப்போன பழைய அச்சுகளில் பாதி, சுத்தியலால் கெட்டவை.

குண்டு உலர்ந்த பருத்தித் துணி மடிப்பின் மேல் விழட்டும். தண்ணீர் வாளியில் போட்டுக் கடினமாக்குவது ஆன்டிமனி கலந்த உலோகத்துக்குத்தான் பலிக்கும். 20:1-இல் ஆன்டிமனி இல்லை. பலன் இல்லாத வேலைக்கு அடுப்பருகே தண்ணீர் வைப்பது ஆபத்து மட்டும்தான்.

முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைப் பார்க்காமலே சட்டிக்குத் திருப்புங்கள். அச்சு சீரான சூட்டுக்கு வர அத்தனை வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு மூன்று என்று ஒரே தாளத்தில் போங்கள். ஒவ்வொரு குண்டையும் கையில் எடுத்து ரசித்தால் அச்சு ஆறிவிடும், அடுத்த மூன்றும் கெடும்.

9. குண்டைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிப்பது

சுருக்கம் விழுந்திருக்கிறது: அச்சு ஆறியிருக்கிறது, அல்லது எண்ணெய் மிச்சம். வேகத்தைக் கூட்டிப் பத்துக் குண்டு பாருங்கள். மாறாவிட்டால் எண்ணெய்; நிறுத்தி, ஆறவிட்டு, மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும்.

மேலெல்லாம் பனி படிந்த மாதிரி மங்கல்: அச்சு சூடு அதிகம். லேசான மங்கல் குற்றமே அல்ல. மூலைகள் கூராக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். திட்டுத்திட்டாக இருந்தால் தாளத்தைக் குறையுங்கள்.

அடிவிளிம்பு உருண்டிருக்கிறது: தட்டு இறுக்கம், அல்லது தட்டு ஆறியிருக்கிறது. அச்சு சூடாக இருந்தும் தட்டு ஆறியிருப்பது அடிக்கடி நடக்கும். குமிழைப் பெரிதாக விட்டால் தட்டும் சூடேறும்.

பக்கவாட்டில் மெல்லிய இறகு போல் ஈயம்: அச்சு முழுக்க மூடவில்லை. முகத்தில் ஈயத் துணுக்கு இருக்கும். சூடாக இருக்கும்போதே மரக்குச்சியால் தள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூட்டையும் தாளத்தையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது.

10. அளந்து, நிறுத்துப் பாருங்கள்

குண்டு முழுக்க ஆறிய பிறகு விட்டத்தை இரு பாதிகளும் சேர்ந்த கோட்டின் மேலும் அதற்குக் குறுக்காகவும் அளவிடுங்கள். பழைய அச்சில் இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். சிறிய விட்டமே குழலுக்குப் போதுமானதாக இருந்தால் கவலையில்லை.

0.001 அங்குலம் போதாமல் வந்தால், வெப்பம் தாங்கும் அலுமினிய ஒட்டுநாடாவை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, ஒரு பாதியின் முகத்தில் குழிக்கு விலகி மேலும் கீழும் ஒட்டுங்கள். குண்டு சற்றே முட்டை வடிவமாகும், ஆனால் விட்டம் கூடும். வேண்டாதபோது உரித்துவிடலாம். அரைக்கும் பொடி போட்டுக் குழியைப் பெரிதாக்கும் வேலை, அச்சு அரியதாக இருந்தால் கூடாது.

எடையில், சுத்தமாக வந்த குண்டுகளின் நடு எடையைக் கண்டு, அதிலிருந்து ஒரு கிரெயினுக்கு மேல் குறைந்தவற்றை ஒதுக்குங்கள். குறை எடை என்றால் உள்ளே பொத்தல். அச்சில் 405 என்று இருந்தும் உங்களுக்கு வேறு எடை வந்தால் திகைக்க வேண்டாம். கலவை மாறினால் எடையும் மாறும். வெள்ளீயம் கூடினால் குறையும்.

11. மசகு பூசுங்கள்

கருமருந்துக்குத் தேன்மெழுகும் மாட்டுக் கொழுப்பும் சம பங்கு. கொழுப்பில் உப்பு இருக்கக் கூடாது, குழல் துருப்பிடிக்கும். கல்லெண்ணெயிலிருந்து வரும் கிரீஸ் கருமருந்தோடு சேர்ந்து தார் போல் இறுகும், அதைத் தவிருங்கள்.

தட்டையான தகரத் தட்டில் குண்டுகளை விரற்கடை இடைவெளியில் நிறுத்தி, மேல் மசகு வளையம் மூழ்கும் அளவு உருகிய கலவையை ஊற்றுங்கள். முழுக்க இறுகும் முன், தொட்டால் ரப்பர் போல் இருக்கும் பதத்தில் குண்டுகளை எடுத்தால் வளையத்தில் மசகு நிற்கும். கல்லாக இறுகிய பின் எடுத்தால் வளையத்திலிருந்து கழன்றுவிடும். அடிப்பாகத்தில் ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள், மருந்தை நனைக்கும்.

12. அச்சை எடுத்து வையுங்கள்

கடைசிக் குண்டை வெட்டாமல் அச்சுக்குள்ளேயே விட்டு, மூடிய நிலையில் தானாக ஆறவிடுங்கள். பாதிகள் கோணாமல் இருக்கும். தண்ணீரில் முக்கி ஆற்றினால் இரும்பு விரிசல் விடலாம். ஆறிய பிறகு வெளிப்புறம் மட்டும் மெல்லிய எண்ணெய் தடவி, துருத் தடுப்புக் காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

வார்த்த குண்டுப் பெட்டியில் கலவை விகிதம், அச்சு எண், அளந்த விட்டம், தேதி எழுதுங்கள். மிஞ்சிய உலோகத்தைக் கட்டியாக ஊற்றி, அதிலும் 20:1 என்று கூரான ஆணியால் கீறி வையுங்கள். அடுத்த முறை எந்தக் கட்டி எந்தக் கலவை என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கைகளை முதலில் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும், நகக்கண் உட்பட, இரண்டு முறை கழுவுங்கள். பிறகுதான் கதவுப் பிடியைத் தொட வேண்டும்.